பழைய பட்டுப் புடவையா? தூக்கிக் கொடுத்துடாதீங்க!

“பழைய பட்டுப் புடவை... ஜரிகை வேட்டி... கிழிஞ்சிருந்தாலும் எடுப்போம்!”

மயிலாப்பூர் மாட வீதி, தி.நகர், அடையாறு பக்கமெல்லாம் மத்தியானத்தில் கேட்கிற குரல் இது. சமையல் முடிந்து கண் அசரும் நேரம். பீரோவில் கிடந்த பாட்டி புடவை, சில நூறு ரூபாய்க்கோ ஒரு எவர்சில்வர் குண்டானுக்கோ கை மாறிவிடும்!

வாங்குகிற ஆசாமிக்குப் புடவை தேவையில்லை. கண்ணெல்லாம் ஜரிகை மேல்தான். துணியை எரித்து, மிஞ்சியதை உருக்கினால் வெள்ளி!

காஞ்சிபுரத்து அசல் ஜரிகையில் முன்பு நூற்றுக்கு 57 பங்கு வெள்ளி. பிற்பாடு அதை 40 ஆகக் குறைத்தார்கள். அதனால் பழசுக்குத்தான் மவுசு. 100 கிராம் பழைய ஜரிகையில் 57 கிராம் வெள்ளி. 2025-ல் வெள்ளி கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த ஒரு லட்சத்துக்கே கணக்குப் போட்டால் 5,700 ரூபாய். உருக்குகிற செலவு, சேதாரம் போனாலும் ஒரு குண்டான் விலையா அது?

அசலா, போலியா?

ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும். வெள்ளை நூல் என்றால் போலி. சிவப்பு தெரிந்தாலும் விற்குமுன் இரண்டு இடத்தில் விலை கேட்பது நல்லது.

சரி, விற்பானேன்?

கட்ட முடியாத புடவையைத் தைக்க முடியும். பட்டு முதலில் விடுவது மடிப்பில்தான். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பாக வைத்ததன் பலன்! வெளிச்சத்தில் பிடித்தால் நைந்த இடம் கோடு கோடாகத் தெரியும். அதை ஒதுக்கி வெட்டினால் ஐந்தரை மீட்டரில் பேத்திக்குப் பாவாடை சட்டை தேறும், கைப்பையும் தேறும். உடல் முழுக்க நைந்து போனதா? பார்டரை மட்டும் எடுத்துப் புது காட்டன் புடவையில் வைத்துத் தைக்கலாம். முந்தானை, குர்தாவுக்கு முன்பக்கம் ஆகும்.

இதற்கு இப்போது ‘அப்சைக்கிளிங்’ என்று ஸ்டைலாகப் பேர். அந்தக் காலத்து மயிலாப்பூர் பாட்டிகளுக்கு இது தெரியாது, பாவம். பேர் இல்லாமலே தைத்துவிட்டார்கள்!

தையல்காரரிடம் கறாராகச் சொல்லுங்கள். லைனிங் இல்லாமல் தைக்கக் கூடாது. லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் அது சுருங்கி, நைந்த பட்டை இழுத்துக் கிழித்துவிடும். கூலி கொஞ்சம் கூடத்தான் கேட்பார். பார்த்துப் பார்த்து வெட்டுகிற வேலை, கேட்பது நியாயம்.

கடைசியாக ஒன்று. வெட்டி மிஞ்சிய ஜரிகைத் துண்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதிலும் வெள்ளி இருக்கிறது!