மாவடுத் தண்ணீரும் தக்காளியும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு பசி வரும். டிபன் நேரம் தாண்டியிருக்கும், சாப்பாட்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். அந்த வேளையில் இரண்டாவது காபியைவிட, உப்பும் புளிப்பும் காரமுமாகக் குளிர்ந்த தக்காளிச் சாறு ஒரு டம்ளர் குடிப்பதே மேல் என்பது என் கட்சி. வெளிநாட்டில் இருந்துவிட்டு தி. நகர் வீட்டுக்கு லீவில் வரும் பிள்ளைகள் இதை ப்ளடி மேரி என்பார்கள். அதில் வோட்கா உண்டு. வோட்காவை விட்டுவிட்டால் வர்ஜின் மேரி. உள்ளே என்னென்ன போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் பாதிக்குமேல் நம் அடுப்படி அலமாரியிலேயே இருக்கிறது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

தக்காளியைப் பிழிந்து குடிக்கலாம் என்று மேல்நாட்டுக்காரர்களுக்கே தாமதமாகத்தான் தோன்றியது. 1917-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பிரெஞ்ச் லிக் என்ற ஊர் விடுதியில் ஆரஞ்சு தீர்ந்துபோக, சமையல்காரர் லூயி பெர்ரின் தக்காளியைப் பிழிந்து கொடுத்தார் என்பார்கள். பிறகு அது டப்பாவில் வந்தது. பாரிஸில் ஹாரிஸ் நியூயார்க் பாரில் வேலை பார்த்த ஃபெர்னாண்ட் பெட்டியோ 1934-ல் நியூயார்க் செயின்ட் ரீஜிஸ் ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தார். வெறும் வோட்காவும் தக்காளிச் சாறுமாக இருந்த ப்ளடி மேரியில் உப்பு, மிளகு, மிளகாய்த் தூள், எலுமிச்சை, வூஸ்டர்ஷயர் சாஸ் எல்லாம் சேர்த்தது நான்தான் என்று 1964-ல் நியூயார்க்கர் பத்திரிகையிடம் சொன்னார். இந்த மசாலா இல்லாவிட்டால் அந்தப் பானத்தை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

அந்த வூஸ்டர்ஷயர் சாஸ் பாட்டிலைக் கடையில் பார்த்தால் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். வூஸ்டர் நகரில் மருந்துக்கடை நடத்திய லீ, பெரின்ஸ் என்ற இருவர் 1837 முதல் விற்றுவந்த சாஸ் அது. வினிகர், வெல்லப்பாகு, உப்பு, பூண்டு, வெங்காயம் எல்லாம் இருக்கும். கூடவே நெத்திலி மீனும் புளியும் இருக்கும். மீன் தொடாத வீடுகள் தி. நகர், மாம்பலம் பக்கம் நிறைய. மீன் இருப்பது தெரியாமலே இதை ஃப்ரைட் ரைஸில் ஊற்றுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். நெத்திலியை ஒதுக்கிவிட்டால் மீதி என்ன? புளி. தக்காளி, புளி, மிளகு, உப்பு. இந்த நான்கையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்துக் கேட்டால் மாம்பலத்தில் யாரும் ரசம் என்றுதான் சொல்வார்கள். கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து மிளகுத் தண்ணீரைக் கொண்டுபோய், கறித்துண்டு போட்டு முல்லிகடானி சூப் ஆக்கிக்கொண்டதும் பழைய செய்திதான்.

நமக்கும் தக்காளி வந்தேறிதான். தென்னமெரிக்காவில் பிறந்த செடி. திவசச் சமையலில் இன்றும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் இடம் கிடையாது, மிளகு ரசம்தான் வைப்பார்கள். புளியும் மிளகும் முதலில், தக்காளி பிற்பாடு என்ற அந்த வரிசை நம் ரசத்தின் ருசியிலேயே இருக்கிறது. நம் நாக்கு ஒரே புளிப்பில் திருப்தி அடைவதில்லை. புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். அது ஆழமானது, விழுங்கின பிறகும் நிற்கும். தக்காளிக்கும் எலுமிச்சைக்கும் சிட்ரிக் அமிலம்தான் முக்கியம், ஆனாலும் எலுமிச்சையின் வாசனை தனி. அந்த வாசனை சூட்டில் பறந்துவிடும் என்பதால்தான் எலுமிச்சை ரசத்தை இறக்கிவைத்த பிறகு பிழிகிறோம். இந்தப் பானத்திலும் அதே ஒழுங்கைக் காப்பாற்றினால் போதும்: அடியில் புளி, நடுவில் தக்காளி, மேலே எலுமிச்சை.

நான் சேர்க்கச் சொல்லும் நாலாவது புளிப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் மாவடுத் தண்ணீர்.

பங்குனி வெயில் ஏறும்போது மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் வடுமாங்காய் குவித்து வைப்பார்கள். உருண்டை வடு, கிளிமூக்கு வடு என்று பார்த்துப் பொறுக்குவார்கள். காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்போடு ஜாடியில் அடுக்க வேண்டும். மறுநாளே அடியில் தண்ணீர் விட ஆரம்பிக்கும். நாம் ஒரு சொட்டு ஊற்றியிருக்கமாட்டோம். உப்பு, காயின் உள்ளே இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. தினமும் ஜாடியைக் குலுக்கிவிடுவார்கள். காய் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டதும், அதே தண்ணீரில் மிளகாய்த் தூள், கடுகுத் தூள், மஞ்சள் தூள் கரைத்து ஊற்றுவார்கள். சில வாரங்களில் காய் தோல் சுருங்கி, ஜாடியில் செம்மஞ்சளாக ஒரு சாறு நிற்கும். மாங்காயின் புளிப்பு, உப்பு, காரம், கடுகின் காட்டம் எல்லாம் இறங்கிய சாறு. வடுவைத் தயிர்சாதத்துக்குக் கடித்துவிட்டு இந்தச் சாற்றைக் கடைசியில் கொட்டிவிடும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

கடுகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ப்ளடி மேரியில் ஹார்ஸ்ராடிஷ் என்ற கிழங்கைத் துருவிப் போடுவார்கள். மூக்குவரை ஏறும் காட்டம் அதனால் வருவது. அந்தக் காட்டத்துக்குக் காரணம் அலைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள், நம் கடுகிலும் அதேதான். முழுக் கடுகில் அது கிடையாது. கடுகைப் பொடித்து ஈரம் பட்டால், உள்ளே தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் கலந்து அந்த நிமிஷத்தில் உண்டாகிறது. தாளித்த கடுகில் மூக்கில் ஏறுவதில்லையே, ஏன்? எண்ணெயின் சூடு, அதை உண்டாக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஆகவே சீமைக் கிழங்கைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஜாடி பழசாகிக் காட்டம் தணிந்திருந்தால், ஒரு சிட்டிகைக் கடுகை அப்போதே பொடித்து, ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துச் சேருங்கள். அமெரிக்காவிலும் வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீரை ப்ளடி மேரியில் ஊற்றுகிற வழக்கம் உண்டு. மாவடுத் தண்ணீர் அதைவிடப் பல படி மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

இனி தக்காளி. கோயம்பேடு மார்க்கெட்டுக்கு மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரிப் பக்கங்களிலிருந்து வந்து, அங்கிருந்து மாம்பலம் ஸ்டேஷன் ஓரக் கடைகளுக்கு இறங்குகிறது. கடையில் இரண்டு கூறு இருக்கும். நீளவாக்கில் கெட்டியாக, தோல் தடிப்பாக இருப்பதைப் பெங்களூர்த் தக்காளி என்பார்கள். லாரியில் நசுங்காது, குழம்புக்கும் தொக்குக்கும் சரி. உருண்டையாக, கோடு விழுந்து, தொட்டால் அமுங்குவது நாட்டுத் தக்காளி. நமக்கு வேண்டியது இதுதான், அதிலும் நன்றாகச் சிவந்து பழுத்தது. ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாகக் கொழகொழவென்று இருக்கிறதே, தக்காளியின் ருசி அதிகம் அங்கேதான். 1908-ல் ஜப்பானிய விஞ்ஞானி இகேடா கடற்பாசியில் கண்டுபிடித்த குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் தக்காளியிலும் உண்டு. சதையில் இருப்பதைவிட இந்தக் கொழகொழப்பில் அது அதிகம் என்று 2007-ல் இங்கிலாந்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். விதையோடு சேர்த்து அதை வழித்து எறியச் சொல்லும் சமையல் குறிப்புகளை நம்பாதீர்கள். விதையை வடிகட்டினால் போதும்.

நாலு டம்ளருக்கு ஒரு கிலோ தக்காளி வாங்குங்கள். 2023 ஜூலையில் விலை எகிறி ரேஷன் கடையில் கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றதே, அந்த மாதிரிக் காலத்தில் இந்த ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது.

மிக்ஸியில் பச்சையாக அடிக்க வேண்டாம். பச்சைத் தக்காளியை நசுக்கிய உடனே அதில் இருக்கும் நொதிகள் பெக்டினை உடைக்க ஆரம்பிக்கும். அந்தப் பெக்டின்தான் சாற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. உடைந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மேலே சக்கை, கீழே தண்ணீர் என்று பிரிந்து நிற்கும். மிக்ஸி காற்றையும் அடித்துச் சேர்ப்பதால் நிறமும் வெளிறிப்போகும். முழுத் தக்காளியாகவே கொதிக்கும் தண்ணீரில் போட்டு, தோல் வெடித்து உள்ளே நன்றாகச் சூடேறும்வரை மூடி வையுங்கள். முழுசாக இருக்கும்போதே சூடு உள்ளே போனால் நொதிகள் வேலை செய்வதற்கு முன்பே அடங்கிவிடும். ஆறினதும் தோலை உரித்து, ரசத்துக்குப் பிசைவதுபோல் கையால் பிசைந்து, கண் பெரிய வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து இறக்குங்கள். எவர்சில்வர் பாத்திரம் போதும். பூச்சில்லாத பித்தளையும் அலுமினியமும் இந்தப் புளிப்புக்கு ஆகாது.

புளி கோலிக்குண்டு அளவு, வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்தது. ரசத்துக்கு எடுப்பதில் பாதிகூட வேண்டாம். தனியாக ஒரு கொதி விட்டுப் பச்சை வாசனை போனதும் சாற்றில் ஊற்றுங்கள். மிளகு அரை ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன். இரண்டையும் வெறும் வாணலியில் வறுத்து, குடிக்கப் போகும் அன்றைக்கே பொடிக்க வேண்டும். கட்டிப் பெருங்காயம் மிளகளவு, வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். நெய்யில் தாளிக்கக் கூடாது. ரசத்துக்கு அழகாக இருக்கும் நெய், ஃப்ரிட்ஜில் உறைந்து டம்ளர் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். தாளித்த வாசனை இல்லாமல் முடியாது என்பவர்கள் ஒரு சொட்டு நல்லெண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் பொரித்துப் போடட்டும், அது உறையாது.

இதையெல்லாம் கலந்து, உப்பே போடாமல் குறைந்தது மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முதல் நாள் இரவே செய்துவைத்தால் இன்னும் இசைந்து வரும். குளிர்ந்த பிறகு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் மாவடுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அப்போது ருசி பாருங்கள். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். சூட்டில் சரியாக இருந்த சாறு குளிர்ந்ததும் புளிப்பு தூக்கலாக இருப்பதற்கு அதுவே காரணம். ரொம்பப் புளித்தால் சுண்டைக்காய் அளவு வெல்லம் சேருங்கள். உப்பு கடைசி. பெரும்பாலும் மாவடுத் தண்ணீரே போதுமான உப்பைக் கொடுத்துவிடும். ஒரு நாளைக்கு மொத்தமாகவே 5 கிராம் உப்புக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர்களுக்கு மாவடுத் தண்ணீரைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டிக் கொடுங்கள். எலுமிச்சை எப்போதும் டம்ளரில் ஊற்றிய பிறகுதான், டம்ளருக்கு நாலைந்து சொட்டு. மாவடு கிடைக்காத மாதங்களில் உப்பு நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரை விடலாம். கசப்பு லேசாக எட்டிப்பார்க்கும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

வோட்கா இல்லாமல் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜி வாழ்ந்தது இதே தி. நகர் பசுல்லா சாலையில்தான். அவர் பேரைச் சொல்லி நான் யாரையும் தடுக்கவில்லை. வோட்காவுக்கென்று பெரிய ருசி கிடையாது. தொண்டையில் ஒரு சுடலும், வாசனையைக் கொஞ்சம் தூக்கிவிடுவதும்தான் அதன் வேலை. சுடலுக்கு மிளகும் கடுகும் இருக்கின்றன. வாசனைக்கு அப்போதே பொடித்த சீரகமும் அப்போதே பிழிந்த எலுமிச்சையும் இருக்கின்றன. குழந்தைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் ஒரே கூஜாவிலிருந்து ஊற்றலாம் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று. விமானத்தில் பலர் தக்காளி ஜூஸ் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டில் அதைத் தொடாதவர்கள்கூடக் கேட்பார்கள். 2015-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், விமான இரைச்சலை ஹெட்ஃபோனில் கேட்கவைத்துச் சோதித்தார்கள். இரைச்சலில் இனிப்பு மங்கியது, குளுட்டமேட் தரும் ருசி தூக்கலாகத் தெரிந்தது. உஸ்மான் சாலை ஹாரன் சத்தம் ஜன்னல் வழியாக வந்து விழும் வீடுகளில், காலை வேளைக்கு இனிப்பு ஜூஸைவிட இது ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கூடத் தின்ன மெதுவடை வேண்டாம், ஊறிப்போய் ரசவடையாகிவிடும். மொறுமொறுப்பாக மசால்வடையோ அடையோ வையுங்கள். கிளறுவதற்குக் காம்போடு ஒரு மாவடுவை டம்ளரில் போட்டுக் கொடுத்தால் குடித்துவிட்டுக் கடித்துக்கொள்ளலாம். மிஞ்சிய சாறு இரண்டு நாள் தாங்கும், எலுமிச்சை பிழியாமல் எடுத்துவைத்திருந்தால். திங்கட்கிழமை பருப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டு நுரைக்கும்வரை சூடாக்கி, கடுகு தாளித்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு இறக்குங்கள், அன்றைய ரசம் ஆயிற்று.