கோப்பையுடன் ஒரு வரிசை

கடந்த பெண்கள் தினத்தை ஒட்டி, எமது மகளிர் குழுக்களைச் சேர்ந்த 14 பெண்களுடன் யாழ்ப்பாண நகரிலுள்ள பெரிய ஹோட்டல் ஒன்றுக்கு மதிய உணவுக்காகப் போயிருந்தேன். எமது வேலைகளுக்கு உதவிவரும் வெளிநாட்டு நண்பர்கள் சிலர் ஏற்பாடு செய்த விருந்து அது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஆகும் செலவில் ஒரு வீட்டுக்குக் கோழிக்குஞ்சுகள் வாங்கிக் கொடுக்கலாமே என்று கூட்டத்தில் சொன்னேன். "அதையும் செய்வோம். ஒரு நாளைக்காவது இவர்கள் சமைக்காமல் இருந்து சாப்பிடட்டுமே" என்று பதில் வந்தது. மறுத்துப் பேச எனக்கு வார்த்தை வரவில்லை.

எமது ஊரில் 'ஹோட்டல்' என்றால் தோசையும் பிளேன்டீயும் கிடைக்கிற கடைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அறைகளோடு கூடிய பெரிய ஹோட்டல்களின் கதை வேறு. நகரின் நடுவிலிருந்த சுபாஷ், ஞானம்ஸ் போன்ற ஹோட்டல்கள் போர்க்காலத்தில் நீண்ட வருடங்கள் இராணுவத்தின் பாவனையில் இருந்தன. அந்த வீதிகளால் சைக்கிளில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், நிமிர்ந்து பார்க்காமல் போன இடங்கள் அவை. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய காலத்தை ஒட்டிப் புதிய கட்டடங்கள் எழும்பின. மகாத்மா காந்தி வீதியில் ஜெட்விங், புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் நோர்த் கேற் என்று இப்போது வெளியூர் ஆட்கள் தேடி வருகிற இடங்கள் பல உண்டு. அங்கே மேசை துடைக்கவும் அறை கூட்டவும் எங்கள் பெண்கள் போகிறார்கள். மேசையில் இருந்து சாப்பிடப் போகிறவர்கள் குறைவு.

நாங்கள் போன அன்று 'பஃபே' சாப்பாடு. அதாவது, ஒரு தொகைப் பணத்தைக் கட்டிவிட்டு, வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் உணவுகளில் விரும்பியதை விரும்பிய தடவைகள் நாமே எடுத்துச் சாப்பிடும் முறை. (மெனுக் கார்டில் விலைக்குப் பின்னால் இரண்டு சிறிய 'பிளஸ்' அடையாளங்கள் போட்டிருந்தால் கவனியுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் வரி 18 வீதமும் மேலதிகமாகச் சேரும் என்பது அதன் அர்த்தம்.) ஒரு பக்கம் சோறு, நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி. இன்னொரு பக்கம் இத்தாலிப் பாஸ்ரா, சீன நூடில்ஸ், சலாட் வகைகள். மூலையில் ஒரு சமையற்கார இளைஞர் அடுப்பும் பானையுமாக நின்றார். அவருக்கு முன்னால் 'வியட்நாம்' என்று எழுதிய அட்டை.

எங்கள் பெண்கள் உள்ளே போனதும் சுவரோரமாக நின்றுவிட்டார்கள். நான் முதலில் ஒரு கோப்பையை எடுத்துக் காட்டினேன். ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். அச்சுவேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அக்கா மாத்திரம் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"எனக்குப் பசிக்கேல்லைப் பிள்ளை. நீங்கள் சாப்பிடுங்கோ."

காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டவர். நான் கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தின் பிறகு அவராகவே சொன்னார்.

"கோப்பையோடை வரிசையிலை நிண்டு சாப்பிட்டது எனக்குக் காணும். செட்டிகுளத்திலை, 2009இலை, மகளை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நிண்டனான். எங்கடை முறை வரேக்கை கிடாரத்திலை சோறு முடிஞ்சுபோச்சு. அடியிலை ஒட்டியிருந்ததை அந்தப் பெடியன் சுரண்டிப் போட்டவன். அவனும் அழுதவன். அதுக்குப் பிறகு நான் கலியாண வீட்டிலைகூட வரிசைக்குப் போறேல்லை. ஆரும் கொண்டுவந்து தந்தால் சாப்பிடுவன்."

நான் சமூகவியல் படித்தவள். ஒரு சமூகத்தில் உணவு எத்தனை அர்த்தங்களைச் சுமக்கிறது என்று பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள். இது எனக்கு ஏன் முன்னரே தோன்றவில்லை? மெனிக் பாமில் இலட்சக்கணக்கான மக்கள் முட்கம்பிக்குள் இருந்தது 2009இல். அந்த முகாம் மூடப்பட்டது 2012இல். அதற்கு முன்னரும் எங்களுக்கு வரிசைகள் இருந்தன. 1990களின் முதற்பாதியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் நின்றோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் ஏ9 பாதை பூட்டப்பட்ட பிறகு குடும்ப அட்டையோடு சங்கக்கடை வாசலில் விடியமுன் நின்றோம். கடைசியாக 2022இல் காஸுக்கும் பெற்றோலுக்கும் நின்றபோது முழு இலங்கையும் எங்களோடு நின்றது. அந்த வருடம் தென்னிலங்கைச் சிநேகிதி ஒருத்தி ரெலிபோனில், "உங்களுக்கு இது பழக்கம்தானே" என்று கேட்டாள். அது பகிடியா, மன்னிப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அக்காவுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வருவதற்காக எழும்பியபோது, வியட்நாம் மூலையில் எங்கள் பெண்கள் ஆறேழு பேர் கூடி நிற்பதைக் கண்டேன். சமையற்கார இளைஞர் ஹற்றனைச் சேர்ந்தவர். கொழும்பில் வேலை செய்த இடத்தில் இந்தச் சமையலைப் பழகினாராம். கண்ணாடி போன்ற மெல்லிய வட்டத் தாள் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து விரித்தார். அதன் மேல் அவித்த இறால், நூல் போன்ற அரிசி நூடில்ஸ், சலாட் இலை, புதினா, மல்லித்தழை எல்லாவற்றையும் வைத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டினார்.

"இது கடதாசியோ தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"அரிசிமா அம்மா."

அந்த அரிசித்தாள் செய்யும் முறையை அவர் விளக்கினார். அரிசியை ஊறவைத்துத் தண்ணீராக அரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் இறுக்கிக் கட்டிய துணியின் மேல் மெல்லிசாகப் பரப்பி, மூடி அவிக்க வேண்டும். வெந்ததும் மூங்கில் குச்சியால் கிழியாமல் தூக்கி, மூங்கில் தட்டியில் போட்டு வெயிலில் காயவிட வேண்டும். வியட்நாமில் பல கிராமங்களில் இது குடிசைக் கைத்தொழில். இடியப்பம் அவித்து விற்கிற எங்கள் பெண்களுக்கு இதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. துணி என்ன துணி, மா எவ்வளவு தண்ணி என்று கேள்விகள் அவர்களிடமிருந்து வந்தன.

பக்கத்துப் பானையில் 'ஃபோ' என்கிற சூப். கோழி எலும்பைக் கறுவா, ஏலம், அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சியோடு மணித்தியாலக் கணக்கில் கொதிக்கவைத்து, அந்தத் தெளிந்த இரசத்தை அரிசி நூடில்ஸின் மேல் ஊற்றிக் கொடுக்கிறார்கள். சைவ உணவுக்காரர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியட்நாம் சமையலில் உப்புக்குப் பதிலாக 'நூக் மாம்' என்ற மீன் சாற்றைப் பல கறிகளில் சேர்ப்பார்கள். நெத்தலி போன்ற மீனை உப்போடு மாதக்கணக்கில் பீப்பாயில் ஊறவிட்டு வடித்தெடுப்பது அது. மரக்கறி மாதிரித் தெரிந்தாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. அங்குள்ள பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் மச்சம் சாப்பிடுவதில்லை. எங்கள் அமாவாசை, பௌர்ணமி போலத்தான்.

அவர்களுடைய யுத்தம் 1975 ஏப்ரல் 30இல் முடிந்தது. சாப்பாட்டு வரிசை அதோடு முடியவில்லை. 1986இல் பொருளாதாரக் கொள்கையை மாற்றும்வரை அரிசிக்கும் இறைச்சிக்கும் கூப்பன்தான். ஹனோயில் கூப்பன் கடைக்கு முன்னால் சனம் தங்கள் இடத்தைப் பிடித்துவைக்க ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வீட்டு வேலைக்குப் போவார்களாம். இதை நான் சொன்னதும், "நாங்கள் மண்ணெண்ணெய்க் கானை வைச்சனாங்கள்" என்று ஒருவர் சிரித்தார். 1989 அளவில் அந்த நாடு அரிசி ஏற்றுமதி செய்யத் தொடங்கிவிட்டது. இன்று உலகில் அதிகம் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடுகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் குவாங் திரி மாகாணத்தில் இன்னும் வெடிக்காத குண்டுகளைத் தோண்டி எடுக்கிறார்கள். அந்த வேலையில் பெண்களும் இருக்கிறார்கள். எங்கள் முகமாலையில் வெயிலில் முழந்தாளிட்டு மிதிவெடி அகற்றிய பெண்களைப் போல.

இதைக் கதைத்துக்கொண்டு நிற்கையில் அச்சுவேலி அக்காவும் வந்துவிட்டார். அந்த மூலையில் வரிசை இருக்கவில்லை, வட்டமாகத்தான் நின்றோம். அதனால் வந்திருக்கலாம். சமையற்காரத் தம்பி அவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வைக்கட்டும் அம்மா?" என்று கேட்டார்.

"இருக்கிறதைத் தாங்கோ தம்பி."

"எல்லாமே இருக்கு. உங்களுக்கு எது விருப்பம்?"

அக்கா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். மகளுக்கு என்ன பிடிக்கும், காணாமற்போன கணவருக்கு என்ன பிடிக்கும் என்று அவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தனக்கு என்ன பிடிக்கும் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கடைசியில், "இறால் வையுங்கோ. புதினா கூட. மல்லி வேண்டாம், எனக்கு அந்த மணம் பிடியாது" என்றார். இரண்டு சாப்பிட்டார்.

எல்லாம் இப்படி நல்லாக நடக்கவில்லை. மருதங்கேணிப் பக்கத்து இளம் தாய் ஒருவர் மூன்று கேக் துண்டுகளை லேஞ்சியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்ததைப் பரிசாரகர் கண்டுவிட்டார். வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை என்று மெதுவாகத்தான் சொன்னார். அளவில்லாமல் எடுக்கிற முறை என்பதால் பஃபேயில் பொதுவாக இப்படி ஒரு விதி இருக்கும். வெளியே கொண்டுபோய்ப் பழுதானால் பழி தங்கள் மேல் வரும் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. இதை முன்கூட்டியே நான் சொல்லியிருக்க வேண்டும். பிழை என்னுடையது. அவர் கேக்கை எடுத்துக் கோப்பையில் வைத்தார். பிறகு அதைச் சாப்பிடவுமில்லை. திரும்பும்போது பேக்கரியில் கேக் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், என்னோடு கதைக்கவில்லை.

இன்னொருவர் படம் எடுக்க வேண்டாம் என்றார். "பேஸ்புக்கிலை போட்டால், புருஷன் இல்லாதவள் ஹோட்டலிலை இருந்து சாப்பிடுறாள் எண்டு ஊரிலை சொல்லுவினம்." செலவழித்தவர்களுக்கு அறிக்கையோடு படம் அனுப்ப வேண்டும். நான் சாப்பாட்டு மேசையை மாத்திரம் எடுத்து அனுப்பினேன்.

ஒடியற்கூழ் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் வைத்திருந்தார்கள். எங்கள் குழுவில் ஒடியல் மா இடித்து விற்கிற அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "பலாக்கொட்டையும் இல்லை, பயித்தங்காயும் இல்லை, இது என்ன கூழ்?" என்றார். மா எங்கே வாங்குகிறீர்கள் என்று பரிசாரகரிடம் கேட்டார். ஆரோ ஒருவர் கொண்டுவந்து போடுகிறார் என்றார்கள். அந்த 'ஆரோ'வை இப்போது அவர் தேடிக்கொண்டிருக்கிறார். வியட்நாமில் கூச்சி சுரங்கங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, போராளிகள் அன்று உண்ட அவித்த மரவள்ளிக்கிழங்கை ருசி பார்க்கக் கொடுக்கிறார்களாம். இடப்பெயர்வு நாட்களில் மரவள்ளியும் சம்பலுமாய் வயிற்றை நிரப்பிய எங்களுக்கு இது கேட்க ஒரு மாதிரித்தான் இருந்தது. கூழ் அம்மாவுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. "காசு தருவினமெண்டால் நாங்களும் அவிச்சுக் குடுப்பம்" என்றார். திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் பெண்கள் அதைத்தானே செய்கிறார்கள்? குரக்கன் பிட்டும் இலைக்கஞ்சியும் அங்கே வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டு கிழமைக்குப் பிறகு அச்சுவேலி அக்கா ரெலிபோன் எடுத்தார். பழைய வேட்டித் துணியைப் பானையில் கட்டி அரிசித்தாள் அவித்துப் பார்த்தாராம். முதல் இரண்டும் கிழிந்துபோயின. மூன்றாவது வந்தது. மகள் அதற்குள் முட்டைப் பொரியலை வைத்துச் சுருட்டினாளாம்.

"நான் புதினா வைச்சுச் சாப்பிட்டனான்" என்றார் அக்கா. "வேட்டித் துணி சரிவராது பிள்ளை, இன்னும் மெல்லிசு வேணும். ரவுணுக்கு வரேக்கை பார்த்து வாங்கிக்கொண்டு வாங்கோ."