குப்பையில் ஒரு நகரம், கம்ப்யூட்டரில் ஒரு குடும்பம்

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் சிற்பம் என்றால் மரச்சிற்பம்தான். 2021-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மரத்தில் வேண்டாததைச் செதுக்கித் தள்ளினால் சாமி வெளியே வரும். தள்ளிய சீவலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படித் தள்ளப்பட்டவற்றையே கலையாக்கி, கம்ப்யூட்டரிலும் ஏற்றியவர் விவான் சுந்தரம் (1943-2023).

இவருடைய அப்பா கே.வி.கே. சுந்தரம், நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். அம்மா இந்திரா, ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் தங்கை.

2008-ல் 'டிராஷ்' என்ற படைப்புக்காக, குப்பை பொறுக்கும் தொழிலாளர்களின் உதவியோடு டெல்லியில் தன் ஸ்டுடியோ தரை முழுக்க ஒரு குப்பை நகரத்தையே கட்டினார். அதைப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் சேர்த்துப் பெரிய பிரிண்ட்டுகளாக எடுத்தார். குப்பை பொறுக்குபவர்களுக்கு நகரத் திட்டங்களில் பெரும்பாலும் இடம் ஒதுக்குவதில்லை. இந்த நகரமோ முழுக்க அவர்கள் கைபட்டது! 2012-ல் கொச்சி பினாலேக்கு, பட்டணம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளை வைத்து நம் சங்க கால முசிறியைக் கற்பனையாக உருவாக்கி வீடியோவாக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது, 2001-02-ல் வந்த 'ரீ-டேக் ஆஃப் அம்ரிதா'. தாத்தா உம்ராவ் சிங் எடுத்த பழைய குடும்பப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஒட்டி, வெவ்வேறு காலத்தவர்களை ஒரே அறையில் சந்திக்க வைத்தார். சூட்சுமம் 'லேயர்'தான். கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போல. மேல் தாளில் வெட்டினால் கீழ்ப்படம் தெரியும், கெடாது.

நீங்களும் செய்து பார்க்கலாம். கல்வராயன் மலைக்குப் போனால் காய்ந்த இலை, நெற்று, கூழாங்கல் பொறுக்கி வாருங்கள். தட்டையானவற்றை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யவும். (கல்லை ஸ்கேனரில் வைக்காதீர்கள், கண்ணாடி கீறிவிடும்!) கனமானவற்றைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுக்கவும். ஸ்கேனரில் மேடான பகுதி மங்கலாக விழலாம்.

இலவச சாப்ட்வேரான 'கிம்ப்'பில் ஒரு வீட்டுப் போட்டோவைத் திறக்கவும். பிறகு ஃபைல் மெனுவில் 'ஓபன் ஆஸ் லேயர்ஸ்' கொடுத்து இலைப் படத்தைக் கொண்டு வரவும். லேயர் பெயரில் ரைட் கிளிக் செய்து 'ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுங்கள். இதை விட்டால் வெட்டிய இடத்தில் கீழ்ப்படம் தெரியாது. ஃப்ரீ செலக்ட் டூலால் இலையைச் சுற்றி வரைந்து, செலக்ட் மெனுவில் 'இன்வர்ட்' கொடுத்து, டெலீட் கீயை அழுத்தவும். இலை மட்டும் நிற்கும். சேமிக்கும்போது எக்ஸ்சிஎஃப் பைலாகவும் ஒரு காப்பி வையுங்கள். ஜேபெக்கில் லேயர்கள் தங்காது.