சிக்னல் போனாலும் தண்ணீர் பாயும்!

எங்கள் பகுதி விவசாயி ஒருவர், இரண்டு ஏக்கர் வாழைக்குச் சொட்டுநீரைத் தானாகவே இயக்கும் பெட்டி ஒன்றை வாங்கினார். வாங்கச் சொன்னதே நான்தான். நன்றாகத்தான் ஓடியது. போன கோடையில், குலை தள்ளுகிற நேரத்தில், உறவினர் திருமணத்துக்கு வெளியூர் போனவர் ஐந்து நாள் கழித்துத் திரும்பினால், இலைகள் மடங்கித் தொங்கியிருக்கின்றன. மோட்டார் ஓடவே இல்லை. விசாரித்தால், பெட்டியை விற்ற நிறுவனம் சர்வரை நிறுத்திவிட்டதாம். பெட்டி, சென்சார், மோட்டார் எதிலும் பழுதில்லை. உத்தரவு போடும் மூளை மட்டும் எங்கோ தொலைவில் இருந்தது. "ஐயா, நீங்க சொல்லித்தானே வாங்குனேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

‘டவர் சரியாகக் கிடைக்காத தோட்டத்தில் தானியங்கிப் பாசனம் வைக்கலாமா?’ என்று வாசகர்கள் கேட்கிறீர்கள். வைக்கலாம். அந்த மூளையைத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட வேண்டும்.

கணினித் துறையில் இதற்கு ‘ஃபாக் கம்ப்யூட்டிங்’ என்று பெயர். தொலைதூர சர்வர்களை ‘கிளவுட்’, அதாவது மேகம் என்கிறார்கள். மேகம் தரையை ஒட்டி இறங்கினால் மூடுபனிதானே? 2012-ம் ஆண்டு வாக்கில் சிஸ்கோ நிறுவன ஆய்வாளர்கள் இந்தப் பெயரைப் பரப்பினார்கள். நமக்கு விஷயம் புதிதல்ல. ஏரிப் பாசனத்தில் எந்த மடையை எப்போது திறப்பது என்று, நீர்பாய்ச்சி மாவட்டத் தலைநகருக்கு ஆள் அனுப்பிக் கேட்க மாட்டார். வயலைப் பார்த்து அங்கேயே முடிவெடுப்பார்.

மோட்டார் அறையில் ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவு கணினி, மண்ணில் ஈரப்பத சென்சார்கள், நடுவே தகவல் கடத்த ‘லோரா’ ரேடியோ. இவ்வளவுதான் அமைப்பு. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், விதிகளுக்கு உட்பட்ட குறைந்த திறன் கருவிகளுக்கு நம் நாட்டில் தனி உரிமம் தேவையில்லை. சிம் கார்டும் வேண்டாம். வெட்டவெளியில் சில கிலோமீட்டர் போகும் அலை, அடர்ந்த வாழைக்குள் வெகுவாகக் குறைந்துவிடும். ஆன்டெனாவை இலைகளுக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.

சென்சார் தரும் தகவலை வாங்கிக் கொடுக்க ‘மாஸ்கிட்டோ’ என்ற மென்பொருள். பெயர்தான் கொசு, நல்ல வேலைக்காரன்! ‘ஈரம் குறைந்து, மும்முனை மின்சாரமும் இருந்தால் மோட்டாரைப் போடு’ என்று விதி எழுத ‘நோட்-ரெட்’. இரண்டுமே திறந்த மூல மென்பொருள்கள். இலவசம் என்பது சின்ன விஷயம். நிரல் எல்லோர் பார்வைக்கும் இருப்பதால், அமைத்துக் கொடுத்தவர் கடையை மூடினாலும் விவரம் தெரிந்த இன்னொருவர் திறந்து பார்த்துச் சரிசெய்யலாம். விதையை நாமே எடுத்துவைத்து மறுபடி விதைக்கிற மாதிரி.

கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் மோட்டாரைச் சில நொடிகளில் நிறுத்தியாக வேண்டும். டவரைத் தேடி, சர்வரைக் கேட்டுப் பதில் வருவதற்குள் பம்ப் சூடேறிப் பழுதாகிவிடும். பக்கத்திலேயே இருக்கும் கணினிக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆனாலும் அதை மட்டும் நம்பாமல், இதற்கென்றே இருக்கும் பாதுகாப்பு ரிலேயையும் பொருத்துங்கள். மோட்டார் இணைப்பு வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

என் அனுபவத்தில் கணினியைவிட மண்தான் அதிகம் படுத்துகிறது. மலிவான இரண்டு கம்பி சென்சார்கள் அரித்துப்போய்த் தவறான அளவைக் காட்டும். கெப்பாசிட்டிவ் வகையே மேல். கரிசல் மண் காய்ந்து வெடித்தால், சென்சாரைச் சுற்றிக் காற்று புகுந்து, ஈரம் இருக்கும்போதே வறட்சி என்று சொல்லும். முதல் சில வாரங்கள் மண்ணைக் கையால் பிடித்துப் பார்த்து, சென்சார் காட்டும் அளவோடு ஒப்பிடுங்கள். அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் மெமரி கார்டு கெட்டுப்போகும். கணினிக்கு ஒரு பேட்டரி வையுங்கள், எழுதிய விதிகளின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்.

அந்த வாழை விவசாயி வீட்டில், டிப்ளமோ படிக்கும் மகளே இதை அமைத்தார். முதல் நாள் மோட்டார் நடு இரவு வரை நிற்காமல் ஓடியது. ஒரு விதியில் ‘குறைந்தால்’ என்பது ‘கூடினால்’ என்று இருந்திருக்கிறது. இப்போது மறுதாம்புக்குச் சரியாகப் பாய்கிறது. அவர் மட்டும் இன்னமும் தினமும் காலையில் போய் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார்.