காகிதம் இல்லாதவருக்கு ஒரு காகிதம்

அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர் தானே போய் அரசுப் பதிவேட்டில் பெயர் கொடுப்பாரா? ஸ்பெயினில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். இதைப் படிச்சப்போ முதலில் எனக்குப் பிடிபடவே இல்லை.

அங்கே ஒவ்வொரு நகராட்சியிலும் 'பத்ரோன்' என்றொரு குடியிருப்போர் பதிவேடு உண்டு. விசா இல்லாதவரும் பாஸ்போர்ட், முகவரி ஆதாரம் காட்டிப் பதியலாம். அந்தத் தேதிதான் பின்னால் சாட்சி. 'அர்ராய்கோ', அதாவது வேரூன்றல் என்ற வழியில் வசிப்பு, வேலை அனுமதி கேட்க முன்பு பெரும்பாலும் 3 ஆண்டு தொடர்ந்து தங்கியதைக் காட்டணும். 2025 மே 20 முதல் 2 ஆண்டு போதும். கூடவே குற்றப் பின்னணி இருக்கக் கூடாது. வேலை ஒப்பந்தம் போன்றவையும் வேணும்.

அப்புறம் வக்கீல் எதுக்கு? இரண்டு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, இவர்கள் பத்ரோன் பதிவை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மறந்தால், நம்ம சர்வர் சான்றிதழ் மாதிரி, காலாவதி. பிறகு மருத்துவமனைச் சீட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது என்று ஆதாரம் தேடி அலையணும்.

இரண்டு, அகதி விண்ணப்பம் போட்டால் 6 மாதத்தில் வேலை செய்யலாமே என்று போடுகிறவர்கள் உண்டு. ஆனால் புதிய விதிப்படி, விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலம் அந்த 2 ஆண்டில் சேராது. வந்ததுமே விண்ணப்பித்தவருக்கு அது நிராகரிக்கப்பட்டால், வேலை செய்யும் உரிமையும் போகும், கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

இலவச சட்ட உதவிக்குச் சட்டப்படி வசிப்பவராக இருக்கணும் என்ற நிபந்தனையை 2003லேயே ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே வக்கீலைப் பார்க்க வேண்டிய நாள், முதல் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள்.