74 சென்டுக்குக் கீழே பூங்கா கிடையாது

சென்னைப் பெருநகரப் பகுதிக்கான இரண்டாவது பெருந்திட்டம் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயரிலேயே 2026 இருக்கிறது. அந்த ஆண்டு நெருங்கியதிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே கலவரம். "பிளான் முடிந்துபோனால் எங்கள் அப்ரூவல் செல்லுமா?" என்று ஒருவர். "புதுத் திட்டம் வருவதற்குள் அஸ்திவாரமாவது போட்டுவிடச் சொல்கிறார் புரோக்கர், நிஜமா?" என்று இன்னொருவர். மூன்றாவது வகைக் கடிதங்களுக்கும் கெடுவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவைதான் அதிகம்: "லேஅவுட் படத்தில் பார்க் இருக்கிறது, இடத்தில் இல்லை." "பக்கத்து நகரில் பார்க் உண்டு, எங்களுக்கு ஏன் இல்லை?"

முதல் இரண்டையும் சட்டென்று முடித்துவிடலாம். பெருந்திட்டம் பால் பாக்கெட் இல்லை, தேதி தாண்டியதும் திரிந்துபோவதற்கு. 2026 என்பது மக்கள்தொகைக் கணிப்புக்காக வைத்த எல்லை. அந்த ஆண்டில் 1,189 சதுர கிலோமீட்டரில் சுமார் 1.26 கோடிப் பேர் இருப்பார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பழைய மாநகர எல்லைக்கு வெளியே இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டம் வந்து அமரும்வரை இரண்டாவதுதான் நடப்பு. கையில் இருக்கும் அனுமதி, அதில் எழுதியிருக்கும் காலம் வரைக்கும் செல்லும். புரோக்கரின் அவசரத்துக்குக் காரணம் பெருந்திட்டமாக இருக்காது.

இனி பூங்கா. அரசாணைகளில் 'திட்டமிட்ட வளர்ச்சி' என்று வரும் இடத்தில், வளர்ந்து முடிந்ததைச் சுற்றிக் கோடு போடுவது என்று படித்துப் பழகிவிட்டவன் நான். அப்படிப்பட்டவனையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் விதி ஒன்று உண்டு. திறந்தவெளி ஒதுக்கீடு என்று பெயர். அலுவலகங்களில் ஓஎஸ்ஆர் என்றால்தான் புரியும். புறநகரில் எங்கே பூங்கா வரும், எங்கே வராது என்பதை எந்த அமைச்சரையும்விட இந்த விதிதான் தீர்மானிக்கிறது.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி இதில் மூன்று படிகள். நிலம் 3,000 சதுர மீட்டருக்குள் என்றால் எதுவும் விட வேண்டாம். அதற்கு மேல் 10,000 வரை என்றால் சாலைகள் போக மீதியில் 10 விழுக்காடு விட வேண்டும்; அல்லது முதல் 3,000-ஐக் கழித்துக்கொண்டு, விட வேண்டிய இடத்துக்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000-ஐத் தாண்டினால் பணப் பேச்சே கிடையாது. 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தால்தான் அப்ரூவல் கைக்கு வரும்.

காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. சிறியவனை விட்டுவிடு, நடுவில் இருப்பவனுக்குச் சலுகை காட்டு, பெரியவனிடம் நிலமாகவே வாங்கு. ஆனால் எந்த ப்ரோமோட்டரும் சதுர மீட்டரில் யோசிப்பதில்லை. அவர் மனசில் 3,000 என்பது 74 சென்ட்; 10,000 என்பது 2 ஏக்கர் 47 சென்ட்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கையில் இரண்டரை ஏக்கர் இருக்கிறது. சாலைகளுக்கு 30 விழுக்காடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதியில் பத்தில் ஒரு பங்கு பதினேழரை சென்ட். அதை அரை கிரவுண்டு மனைகளாகப் போட்டால் ஆறு மனை, கொஞ்சம் சொச்சம். அந்த ஆறும் உள்ளாட்சிக்கு இலவசமாகப் போகிறது. இதோடும் நிற்பதில்லை. அதே 10,000 கோட்டைத் தாண்டினால் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்குச் சின்ன மனைகள் ஒதுக்க வேண்டும்; மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்கும் அரை அரை விழுக்காடு விட வேண்டும். இப்போது ஐந்தே ஐந்து சென்டை மைத்துனர் பேரில் தனியாக நிறுத்திவிட்டு, 2 ஏக்கர் 45 சென்டுக்கு மட்டும் மனுப் போட்டால்? 9,915 சதுர மீட்டர். கோட்டுக்குள் வந்தாயிற்று, பணம் கட்டும் வழி திறந்தாயிற்று. அதே இரண்டரை ஏக்கர் நான்கு பேர் பெயரில் நான்கு பத்திரமாக, ஆளுக்கு அறுபத்துச் சொச்சம் சென்ட் என்று மனுவாக வந்தால் பணம்கூட வேண்டாம். கோப்பைப் பொறுத்தவரை அவை நான்கு தனி நிலங்கள். நான்குக்கும் அப்ரூவல் வரும். விளம்பரப் பலகையில் நான்கிலும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் பேரில் 'சிஎம்டிஏ அப்ரூவ்டு' என்று கொட்டை எழுத்தில் போடலாம், பொய்யும் இல்லை.

எல்லாமே தந்திரம் என்று எழுதிவிடவும் முடியவில்லை. வண்டலூருக்கும் பூந்தமல்லிக்கும் பக்கத்தில் மனையாகிற நிலங்கள் நேற்றுவரை ஏரிப் பாசன வயல்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிந்து 40 சென்ட், 60 சென்ட் என்றுதான் கிடக்கின்றன. ஒரு விவசாயி தன் பங்கை விற்கிறார், அடுத்த வருஷம் பங்காளி விற்கிறார். சதி ஒன்றுமில்லாமலே ஒவ்வொன்றும் 74 சென்டுக்குக் கீழே விழுகிறது. மேய்க்கால், களம், வயல் என்று வெட்டவெளியாக இருந்த கிராமம் பத்து வருஷத்தில் முப்பது நகர்களாகிவிடும். பந்து விளையாட ஓரிடம் இருக்காது. விதி ஒவ்வொரு மனுவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. முப்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டிய மேசை எந்த அலுவலகத்திலும் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

பணம் கட்டும் நடுப்படியும் பார்க்க வேண்டிய ஒன்று. விட்டுக்கொடுக்காத நிலம் சந்தை விலைக்குப் போகிறது; அதற்கு ஈடாகக் கட்டும் பணம் வழிகாட்டி மதிப்பில். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பத்திரம் பதிந்த எல்லோருக்கும் தெரியும். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தபோது வீடு வாங்குவோருக்கு நிவாரணம் என்றார்கள். அந்த மதிப்பை வைத்துக் கணக்கிடும் பூங்காப் பணமும் கூடவே இறங்கியதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. 2023 ஏப்ரலில்தான் பழைய மதிப்புக்குத் திரும்பினார்கள். சரி, வசூலான பணத்தில் அதே ஊரில் அரசே இடம் வாங்கிப் பூங்கா போடலாமே? வழிகாட்டி மதிப்புக்கு யார் நிலம் கொடுப்பார்கள்? அரசே கையகப்படுத்தினாலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைவிட அதிகம் கொடுத்தாக வேண்டும். பணமாக வாங்கிய அன்றே அந்த ஊரின் பூங்கா போயிற்று என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய நிலங்களில் மட்டும் விதி பல்லோடு இருக்கிறது. இழப்பீடு இல்லாமல் பத்து விழுக்காட்டை எழுதி வாங்குவது அநியாயம் என்று தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி செல்லும் என்று 2023-ல் தீர்ப்பு வந்தது. அடுக்குமாடி வளாகங்களில் குடியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகமாக இருந்து, ஓஎஸ்ஆர் என்று எழுதிக் கொடுத்த துண்டு உங்கள் மதிலுக்குள் இருந்தால், அது உங்கள் சங்கத்தின் சொத்து இல்லை. பில்டர் புத்தகத்தில் அழகாகப் படம் போட்டிருந்தாலும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கும் அதில் உரிமை உண்டு. செக்யூரிட்டி விரட்டக் கூடாது.

"படத்தில் இருக்கிறது, இடத்தில் இல்லை" என்று எழுதியவர்களுக்கு: முதலில் அப்ரூவ்டு லேஅவுட் படத்தின் நகலை வாங்குங்கள். பூங்கா என்று போட்டிருக்கும் துண்டின் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பிறகு பட்டா. பல இடங்களில் சங்கிலி இங்கேதான் அறுந்துபோகிறது. பத்திரம் உள்ளாட்சிக்குப் போயிருக்கும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டாவைக் காட்டி அதே துண்டை மறுபடி விற்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டாவை மாற்ற வேண்டியது உள்ளாட்சியின் வேலை. நகர்நலச் சங்கம் மனுப் போட்டுத் தள்ளாவிட்டால் நகராது. துண்டு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். மனையாக விற்க முடியாத மூலை, ஓடைக்கரை, தண்ணீர் தேங்கும் பள்ளம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

பூங்காவைப் பற்றியே இவ்வளவு எழுதக் காரணம், வடிகாலும் இதே கதைதான் என்பது. லேஅவுட்டுக்குள் சாலையோரம் கால்வாய் கட்டிக் காட்டுகிறார்கள். அது எங்கே போய்ச் சேர்கிறது? எல்லைக்கல் வரைக்கும். அதற்கப்பால் அடுத்தவர் நிலம், அடுத்த மனு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதற்கு அடையாற்று வெள்ளம் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆற்றுக்குப் போக வேண்டிய மழைநீருக்கு வழி இல்லாத தெருக்களும் அங்கே இருந்தன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஒட்டியிருந்த முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. தண்ணீருக்கு மாநகராட்சி எங்கே முடிகிறது, ஊராட்சி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. டெண்டருக்குத் தெரியும்.

குடிநீர், பாதாளச் சாக்கடை பற்றிக் கேட்டவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல ஆசைதான், சொல்ல அதிகமில்லை. குழாய் வரும்வரை போர், போர் வற்றினால் தண்ணீர் லாரி, பின்வாசலில் கழிவுநீர் லாரி. 2019 கோடையில் ஓஎம்ஆர் கம்பெனிகள் சில, ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கலாம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நெம்மேலியில் இருக்கிறது. அதைக் கடந்துதான் லாரியும் போகிறது.

"பில்டர் பில்லில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சார்ஜ் என்று வாங்கினாரே, அந்தப் பணம் எங்கே?" என்று கேட்டவர் சரியான நரம்பில் கை வைத்திருக்கிறார். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2007-ல் சேர்த்த பிரிவின்படி, புதிய கட்டடத்தால் ஊரின் வசதிகள் மேல் விழும் சுமைக்காக வாங்குகிற கட்டணம் அது. சுமை விழுவது உங்கள் தெருவில். பணம் போவது மாநில அளவிலான நிதிக்கு. அங்கே ஒரு குழு உட்கார்ந்து எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொடுக்கும். கட்டிய ஊருக்கே திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக.

பஞ்சாயத்து அப்ரூவல் மனை வாங்கலாமா? வேண்டாம்; லேஅவுட்டுக்குத் தானாக அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை.

அனுமதியில்லாத மனையை வரன்முறைப்படுத்த முடியுமா? அந்த லேஅவுட்டில் ஒரு மனையாவது 20.10.2016-க்குள் பதிவான பத்திரத்தில் விற்றிருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கமெல்லாம் சிஎம்டிஏ எல்லைக்குள் வந்துவிட்டதா? 2022 அக்டோபரில் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. உங்கள் கிராமம் அதில் இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள்.

சுயசான்று முறையில் வீடு கட்டினால் யாராவது வந்து பார்ப்பார்களா? 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிவரை கட்ட 2024 ஜூலையில் வந்த முறை அது; முன்கூட்டி யாரும் வரமாட்டார்கள், உள்கட்டமைப்புக் கட்டணமும் கிடையாது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் ரெரா எண் எப்போது கட்டாயம்? நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, எட்டு வீடு அல்லது மனைக்கு மேல் போனாலோ.

பார்க் இடத்தில் நகர்நலச் சங்கக் கட்டடம் கட்டிக்கொள்ளலாமா? கூடாது.