ஆட்டம் முடிந்த பின்னர்...



பாளையங்கோட்டை மைதானங்களிலும், மேலப்பாளையம், பேட்டை வெளிகளிலும் மாலை வேளையில் நம் பிள்ளைகள் கால்பந்தின் பின்னே ஓடுவதைக் காண்கிறோம். மஃக்ரிப் பாங்கொலி கேட்டதும் ஆட்டம் கலைகிறது. அத்துடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால், உடலுக்குள் பெரும் பணியொன்று அப்போதுதான் தொடங்குகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு இரண்டே நாட்களில் மூன்று போட்டிகள் ஆடினான். இரண்டாம் நாள் காலையில், "தொடை வலிக்கிறது, உஸ்தாத்" என்றான். "இளரத்தம், தாங்கும்" என்று சொல்லி அனுப்பியவன் நானே. அன்று தொடைத் தசை கிழிந்து, இரண்டு மாதங்கள் நொண்டி நடந்தான். அந்த உறுத்தலே இதுபற்றி என்னைப் படிக்கத் தூண்டியது.

தொழில்முறை வீரர் ஒருவர் ஒரு போட்டியில் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். தசைகளில் சேமித்து வைக்கப்பட்ட சர்க்கரைச் சத்து பெரிதும் கரைந்துவிடுகிறது. அது முழுமையாக நிரம்ப இரண்டு, மூன்று நாட்கள்கூட ஆகலாம். தசை நார்களில் நுண்ணிய கிழிசல்களும் உண்டாகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி மிகுவது இதனால்தான்.

ஐரோப்பியக் கழகமொன்றின் வீரர்களைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வு சிந்திக்கத்தக்கது. வாரம் இரு போட்டிகள் ஆடியபோதும் அவர்களது ஓட்டம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. காயங்களோ ஆறு மடங்குக்கு மேல் பெருகின! களைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அப்படியாயின் அவ்வீரர்கள் செய்வதென்ன? 10 முதல் 15 பாகை வரை குளிர்ந்த நீரில் பத்து நிமிடங்கள் அமர்கிறார்கள். இது வலியை ஓரளவு தணிக்கும். நம் தாமிரபரணி நீர் அவ்வளவு குளிர்ந்ததன்று. அதற்காக வருந்தவும் வேண்டாம். மீட்சியின் தூண்கள் வேறு: உறக்கம், உணவு, நீர்.

ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் வீதம் சிறிது சிறிதாக நீர் அருந்துகிறார்கள். வியர்வையில் போன உப்பையும் ஈடுசெய்கிறார்கள். நமக்கு உப்பிட்ட நீர்மோர் போதாதா? ஓரிரு மணி நேரத்திற்குள் மாச்சத்தும் புரதமும் உள்ள உணவை உண்கிறார்கள். இரவில் எட்டு மணி நேரமாவது உறங்க முயல்கிறார்கள். மறுநாள் முடங்கிக் கிடக்காமல் மெல்ல நடக்கிறார்கள்.

நோன்பு நோற்கும் வீரர்களும் இதில் அடக்கம். 2021 ஏப்ரல் 26 அன்று இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி, கிரிஸ்டல் பேலஸ் அணிகள் மோதிய ஆட்டம் சூரியன் மறைந்தபின் சற்றே நிறுத்தப்பட்டது. எதிரெதிர் அணிகளைச் சேர்ந்த வெஸ்லி ஃபோஃபானாவும் ஷேக்கு குயாத்தேயும் நோன்பு திறந்தனர். இதற்கு வழிவிட்ட எதிரணிக்கு ஃபோஃபானா பின்னர் நன்றி கூறினார்.

நம் வீட்டு நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, கறி, தேங்காய்ப்பால், உப்பு, நீர், பக்கத்தில் பேரீத்தம்பழம். ஓடிக் களைத்த உடல் கேட்பவை யாவும் அந்த ஒரு கோப்பையில் உள்ளன! அதை ரமளானுக்கு மட்டும் உரியதாக ஏன் ஒதுக்க வேண்டும்?

உம்மாமார்களே, வாப்பாமார்களே! விளையாடி வரும் பிள்ளையிடம் "ஜெயித்தாயா?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "எங்கேனும் வலிக்கிறதா?" என்றும் கேளுங்கள். கலர் சோடாவுக்குப் பதில் மோர் கொடுங்கள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை வாங்கி வையுங்கள். வலிக்கிறது என்று அவன் சொன்னால் நம்புங்கள். அன்றைய ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அது ஒன்றுதான்.